சென்னிமலைக்கு எத்தனை எழுத்து?
5 என்கிறது பள்ளிக்கூடம்! 9 என்கிறது கம்ப்யூட்டர்!!

ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது, சென்னிமலை. மலைமேல் முருகன் கோவில் உள்ள ஊர். கொடி காத்த திருப்பூர் குமரன் பிறந்த ஊர். சென்னிமலைப் போர்வை என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

இந்த ஊரின் பெயரில் எத்தனை எழுத்து?

செ, ன், னி, ம, லை. மொத்தம் 5. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரைக் கேட்டால், "ஒன்பது" என்கிறது!

உடைத்து எண்ணுகிறது

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே, உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எல்லாம் எண் கொடுத்து இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு "யூனிகோடு" என்று பெயர். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது.

இதில் "ச"வுக்கு எண் 2970. அதன் முன்னால் நிற்கும் கொம்புக்கு 3014. புள்ளிக்கு 3021. எனவே "செ" என்றால் இரண்டு எண். "ன்", "னி", "லை" ஒவ்வொன்றும் இரண்டு எண். "ம"வுக்கு மட்டும் ஒன்று. கூட்டினால் 9!

(பழைய பெயர்ப்பலகைகளில் "லை"க்குத் துதிக்கை போட்டு இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு அது மாறியது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே எண்தான்.)

போர்வை எங்கே போகும்?

இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம்.

ஒரு போர்வைக் கடையில் பில் போடும் புரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊர்ப் பெயர் 5 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று அதன் உதவிக் குறிப்பு சொல்கிறது. சென்னிமலை 5 எழுத்துதானே என்று கடைக்காரர் அடிக்கிறார். புரோகிராம் முதல் 5 எண்களை வைத்துக்கொண்டு, மீதியை வெட்டிவிடுகிறது. சீட்டில் விழுவது, "சென்ன".

"சென்னை"யை அடித்தாலும் அதே "சென்ன"தான்! இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். மூட்டையை லாரியில் ஏற்றுகிறவர் என்ன செய்வார், பாவம்!

தவறு கடைக்காரருடையது அல்ல. உதவிக் குறிப்பு எழுதியவருடையது. "எழுத்து" என்று எதைச் சொல்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை. "உதாரணம்: 'சென்னிமலை'. எழுத்து 5. கம்ப்யூட்டர் கணக்கில் 9" என்று ஒரு வரி போட்டு இருந்தால் போதும்.

பெயரின் இரு பக்கமும் மேற்கோள் குறி போடுவதும் அவசியம். பெயருக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்து இருந்தால், அந்தக் குறிதான் காட்டிக்கொடுக்கும். புள்ளியைத் தனியாகக் காட்ட வேண்டுமானால், புள்ளியிட்ட வட்டத்தின்மேல் "◌்" என்று காட்டுவது வழக்கம். வெறும் புள்ளியைப் போட்டால், காகிதத்தில் விழுந்த அழுக்கு என்று நினைத்துவிடுவார்கள்!

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் கொடுக்கும் முறையும் உண்டு. தமிழக அரசு 2010-ல் அதை ஏற்றது. ஆனால் நம் கைப்போனில் இருப்பது யூனிகோடுதான்.

இரண்டு கொங்கு

இன்னொரு வேடிக்கை. "கொங்கு" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். "கொ"வில் உள்ள கொம்பையும் காலையும் சேர்த்து 3018 என்று ஒரே எண்ணாக எழுதலாம். கொம்பு 3014, கால் 3006 என்று பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பட்டியலில் ஒரு விதமாகவும், தேடுகிறவர் இன்னொரு விதமாகவும் அடித்து இருந்தால், "கொங்கு இல்லை" என்று கம்ப்யூட்டர் சாதிக்கும்! எதிரே பெயர் இருக்கிறது. இல்லை என்கிறதே என்று ஆள் திகைப்பார்.

இங்கே மேற்கோள் குறியும் உதவாது. பெயருக்குப் பக்கத்தில் அதன் எண்களையும் குறிப்பில் காட்ட வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். இரு விதத்தையும் ஒரே விதமாக மாற்றும் கட்டளை, பல புரோகிராம் மொழிகளில் தயாராக இருக்கிறது. தேடுவதற்கு முன்னால் அதைப் போட்டுவிட்டால், கொங்கு கிடைத்துவிடும்.