பாலம் உடைந்தால் கதை பிறக்கும்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் மரப்பொம்மை செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனின் லெகோ நிறுவனம், 1949இல் பிளாஸ்டிக் கட்டைகளில் இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன, ஆனால் பிடிப்புப் போதவில்லை. 1958இல் அவர் மகன் கோட்ஃப்ரெட், கட்டையின் அடிப்புறத்தில் சிறு குழாய்களை வைத்துக் காப்புரிமை கேட்டார். கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேல்கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். தூக்கினால் கழலாது. பிஞ்சு விரல் இழுத்தால் வந்துவிடும்.

கதை சொல்லப் பழகும் பிள்ளைக்கு அப்படிக் கழற்ற முடிவதுதான் முக்கியம். நாலு வயதுக் குழந்தையிடம் வெறுமனே "ஒரு கதை சொல்லு" என்றால் பெரும்பாலும் திருதிருவென விழிக்கும். கட்டையைக் கொடுத்தால் "இது வீடு, இது நாய்" என்று பெயர் சொல்லும். அது இன்னும் கதை ஆகவில்லை. நாம் மெல்ல ஒரு கட்டையைக் கழற்றிவிட்டு, "அச்சச்சோ, பாலம் உடைஞ்சுபோச்சே! நாய் எப்படி அக்கரைக்குப் போகும்?" என்று கேட்க வேண்டும். சிக்கல் வந்தாயிற்று, இனிக் கதை தானே நகரும். இதுவரை நடந்தது கண்முன்னே நிற்பதால், குழந்தையின் கவனம் முழுக்க அடுத்தது என்ன என்பதில் போகிறது. சற்று வளர்ந்த பிள்ளை என்றால் தொடக்கம், நடு, முடிவு என மூன்று அட்டைகளில் கட்டச் சொல்லலாம். பிறகு நடு அட்டையை மட்டும் கலைத்து மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். பழைய முடிவு இனிப் பொருந்தாது என்று அதுவே கண்டுபிடிக்கும். நோட்டில் எழுதியதைத் திருத்தச் சொன்னால் சிணுங்கும் அதே பிள்ளைதான்!

1978இல் வந்த லெகோ மனிதப் பொம்மைக்கு முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு புன்னகை, அவ்வளவே. 1989இல் கடற்கொள்ளையர் பொம்மைகள் வரும்வரை எல்லோருக்கும் அதே சிரிப்புதான். அழுகையும் கோபமும் குழந்தையின் குரலில் வந்தாக வேண்டும். அது நல்லதுதான் என்பேன். சினிமாக்களை வைத்து வரும் இன்றைய லெகோ பெட்டிகள் கதையையும் சேர்த்தே விற்கின்றன. செய்முறைப் படத்தைப் பார்த்துக் கட்டி முடித்ததும் பெரும்பாலும் அலமாரிக்குப் போய்விடுகின்றன.

பெரிய பெட்டி தேவையும் இல்லை. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார். வீட்டில் கிடக்கும் எந்த பிளாக்ஸும் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் சிறு கட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். டூப்ளோ போன்ற பெரிய கட்டைகளைக் கொடுங்கள்.