மறைந்துபோகும் தீயரண் விதிகள்

லினக்ஸ் சேவையகத்தின் வாயிலில் நின்று, வரும் தரவுப் பொதிகளை ஏற்பதும் மறுப்பதும் தீயரண் விதிகளின் பணியாகும். 2001இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 முதல் 'ஐபிடேபிள்ஸ்' என்னும் கருவி இவ்விதிகளை வகுக்க உதவுகிறது. நேற்று எழுதிய விதி இன்று காணப்படாவிடில், அயலார் ஊடுருவினரோ என்று நிர்வாகி அஞ்சுவது இயல்பே. காரணம் பெரும்பாலும் எளியது. கட்டளையால் சேர்த்த விதி நினைவகத்தில் மட்டுமே வாழ்கிறது. கணினி அணைந்தால் அதுவும் அழிகிறது. 'ஐபிடேபிள்ஸ்-சேவ்' தரும் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, கணினி தொடங்கும்போதெல்லாம் மீட்டெடுக்கச் செய்தல் வேண்டும்.

கணினி அணையாமலே விதி மறைந்ததாயின், 'ஃபயர்வால்டி' போன்ற பிறிதொரு சேவையை ஐயுறலாம். அது மறுதொடக்கம் பெறுகையில், பிறர் எழுதியவற்றைத் துடைத்துவிட்டுத் தன் விதிகளையே எழுதக்கூடும். விதி மறைந்த நேரத்தைச் சேவைப் பதிவுகளோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும். இயல்புக் கொள்கை 'ஏற்றல்' எனில், அதுவரை வாயில் திறந்தே கிடக்கும். 'மறுத்தல்' எனில், தொலைவிலிருந்து பணிபுரியும் நிர்வாகியே வெளியில் நிற்க நேரும்.