லாரியில் உறையும் தண்ணீர்

நாமக்கல்லின் வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே வடக்கில் ஸ்ரீநகர் வரை செல்கிறது. தில்லியில் குடியேறி வாழும் நமக்கு இது வெறும் பூகோளச் செய்தியன்று. நம் உற்றாரும் ஊராருமான லாரி ஓட்டுநர்கள் இவ்வழியே வந்து, நம் இல்லங்களில் ஒரு வேளை உண்டு, காஷ்மீரம் நோக்கிப் புறப்படுவதைக் காண்கிறோம். ஆதலின், அவ்விடத்துக் குளிரில் அவர்களுடைய தண்ணீர் படும் பாட்டைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நிலவும் கடுங்குளிரைக் காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்பர். 2024 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஓரிரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 8.5 பாகை செல்சியஸ் வரை இறங்கிற்று. வீட்டுக் குழாய்களே உறைந்துபோகும் குளிர் அது. பனியாலோ மண்சரிவாலோ ராம்பன், பனிஹால் பகுதியில் பாதை அடைபட்டால், லாரிகள் நாட்கணக்கில் நிற்க நேரிடும். அப்போது கேபினே படுக்கையறை, அதுவே சமையலறை.

நம் பக்கத்து லாரிகள் பலவற்றில், பக்கவாட்டின் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதில் ஒரு குழாயும் பொருத்தியிருப்பர். முதலில் உறைவது தொட்டியன்று, குழாயே. அதனுள் இருக்கும் நீர் சொற்பம். மேலே படும் காற்றோ மிகுதி. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகும். விரிய இடமில்லையேல் பித்தளையும் வெடிக்கும். சென்ற மார்கழியில் காஸிகுண்டில் நின்ற நம் ஊர் இளைஞர் ஒருவர், விடியற்காலையில் குழாயை வலிந்து திருகினார். அது கையோடு வந்துவிட்டது. இரண்டு நாட்கள் பனியை உருக்கியே சோறு பொங்கினாராம்.

மாலையிலேயே குழாயையும் அதன் இணைப்புக் குழலையும் வடித்துவிட்டுத் திறந்தபடி விடுவதே உத்தமம். அடைப்பான் இல்லாத தொட்டியானால் முழுவதும் வடித்துவிட வேண்டியதுதான். குடிநீரைக் கேனில் நிரப்பி, முக்கால் பங்குக்கு மேல் போகாமல், கம்பளி சுற்றிப் படுக்கையோரம் வைத்துக்கொள்ளலாம். காலைத் தேநீருக்கு வேண்டியதைப் பிளாஸ்கில் இரவே காய்ச்சி ஊற்றிவைப்பவர் புத்திசாலி. உறைந்த குழாயை இளக்க வெந்நீரில் நனைத்த துணி போதும். திறந்த வாய்ப்புறத்திலிருந்து தொடங்கினால் உருகிய நீர் வெளியேற வழி கிட்டும். பந்தம் கொளுத்திக் காட்டுவோரும் உளர். டீசல் தொட்டி அருகிலிருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர் போலும்!

ரேடியேட்டரில் வெறும் நீர் விடுவது தெற்கே செல்லும், அங்கே செல்லாது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் வேண்டும். இங்கேதான் நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. அத்திரவம் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு, சிறுநீரகத்தை அழித்துவிடும். தண்ணீர்த் தொட்டி உறையாதிருக்க அதில் ஒரு துளியும் சேர்த்தல் ஆகாது. கூலண்ட் வாங்கிய கேன் பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று கழுவிக் குடிநீர் பிடிக்கும் வழக்கத்தை நாமே கண்டோம். அக்கேனை நம் வீட்டு வாசலிலேயே துளையிட்டு எறியச் செய்தோம்; ஓட்டுநருக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

தண்ணீர் உறையாதிருக்கக் கேபினுக்குள் கரியடுப்பு மூட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்குதல் அதனினும் பெருங்கேடு. கரி புகைந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குபவர் விழிப்பதற்குள் உணர்விழப்பார். நீர் உறைந்தால் உறையட்டும். நெருப்பு வெளியேதான் இருக்க வேண்டும்.

இவ்வாண்டு அவ்விளைஞர் வந்தபோது, பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்ததோடு, பழைய கம்பளியொன்றைக் கேனின் அளவுக்கு உறையாகத் தைத்தும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், கிளீனருக்கும் ஒன்று வேண்டுமென்றார். கேனுக்கா, அவருக்கா என்று கேட்டோம். இரண்டுக்கும் என்றார்.