படபடப்பும் பக்கவாதமும்: பெண்களுக்குக் கணக்கு வேறு

சரக்கு, வரி என்றே எழுதி வந்த நாம் இம்முறை வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம் வீட்டம்மா நெஞ்சு படபடப்பு என்று சொன்னபோதெல்லாம், "வயதாகிறது, வேலை அதிகம்" என்று ஓராண்டு தள்ளிப்போட்டோம். ஈ.சி.ஜி. எடுத்த பிறகே இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவது தெரிந்தது.

இந்நோயில் இதயத்தின் மேலறைகள் சரிவரச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு ஆபத்து. அதைத் தடுக்கவே ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை.

நோய் ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஆனால் வந்த பிறகு பக்கவாதம் வயது முதிர்ந்த பெண்களையே அதிகம் தாக்குகிறது. யாருக்கு மாத்திரை தேவை என்று பார்க்க மருத்துவர்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். 2010-ல் வந்த முறையில் பெண் என்பதற்கும் ஒரு புள்ளி. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 2024-ல் அதை நீக்கினர். பெண்ணுக்கு ஆபத்தில்லை என்று பொருளல்ல. வேறு நோயில்லாத இளம்பெண்ணுக்கு அது பொருந்தாது, வயதோடு சேர்ந்தே ஏறும் என்பதுதான். இத்தனை இருந்தும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இம்மாத்திரை குறைவாகவே எழுதப்பட்டதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின.

பழைய மாத்திரையான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தானது! எலி மருந்து விற்கும் நமக்கு இது வேடிக்கைதான். பெண்களுக்குப் பொதுவாக ஆண்களைவிடக் குறைந்த அளவே போதும். ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். ஒரு நாள் நிறையக் கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்றால் அளவு மாறும். நம் கடைகளில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் வார்ஃபரினைத் தொடரக் கூடாது, சிசுவுக்குக் கெடுதல்.

அடிக்கடி பரிசோதனை வேண்டாத புது மாத்திரைகள் உண்டு. பெரும்பாலோருக்கு அவையே நல்லது. ஆனால் சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்குப் பழையதே மேல் என்று 24 நாடுகளில் நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது. அவர்களில் பெண்களே அதிகம். நம் வீட்டம்மாவுக்கும் வால்வு சுருக்கம்தான். பரிசோதனைத் தேதியை இப்போது கல்லாவுக்கு மேலுள்ள காலண்டரில், பாக்கி வசூல் தேதிகளுக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறோம்.