உளவியல் முடிபுகளும் பொதுமை காணலும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அரிசி, நீர், தீ ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்தவிடத்து ஒரு பருக்கையின் பதம் பானை முழுவதன் பதத்தையும் காட்டும். ஆயின், அப்பருக்கையைக் கொண்டு அயல்வீட்டுப் பானையின் பதத்தைக் கூறல் இயலுமா? சிலரிடம் கண்டதைப் பலர்க்கும் உரியதாகக் கொள்ளுதலே பொதுமை காணல். உளவியலாராய்ச்சியில் அஃது எத்துணை விழிப்புடன் செய்யப்படல் வேண்டும் என்பதை இவ்வினா உணர்த்தும்.

அமெரிக்க உளவியற் சங்கத்தின் ஆறு ஏடுகளில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த கட்டுரைகளை ஆர்னெற் என்பார் ஆராய்ந்தார். அவற்றிற் பயின்ற மாதிரிக் குழுக்களுள் நூற்றுக்கு 68 அமெரிக்க நாட்டவை என 2008இல் அவர் காட்டினார். இதனால் நேரும் இடர் யாது? சமநீளமான இரு கோடுகள், நுனியிலுள்ள அம்புக்குறிகளின் திசை வேறுபாட்டால் நீளத்தில் வேறுபட்டனபோலத் தோன்றுவது முல்லர்-லயர் மயக்கம் எனப்படும். கண்ணுடையார் யாவர்க்கும் இஃது ஒருபடித்தாய் நிகழும் என எண்ணுதல் இயல்பே. ஆயின், செகல், காம்பெல், ஹெர்ஸ்கோவிற்ஸ் என்போர் 1966இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கரிடம் மிக்கிருந்த இம்மயக்கம் கலகாரிப் பாலைநில மக்களிடம் பெரும்பாலும் இல்லையெனக் காட்டியது. காட்சியிலேயே இவ்வேறுபாடு உண்டெனில், துயரத்தைப் பற்றி யாது கூறுவது!

கடல் கடந்த நாடுகளுக்கிடையே மட்டுமன்றி, யாழ்ப்பாணத்துக்கும் வட்டக்கச்சிக்கும் இடையேயும் இவ்வினா எழும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை நிகழ்ந்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் நூற்றுக்கு 7.0 பேரிடம் காணப்பட்டன என்பது அதன் முடிபு. எனினும், அப்போது இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடம் அவ்வளவு 13.0, நெடுங்காலம் ஊரிலேயே வாழ்ந்தோரிடம் 5.6. ஒரு மாவட்டத்துள்ளேயே சராசரி எத்துணை வேறுபாட்டை மறைக்கின்றது!

இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளைவிக்கும் வட்டக்கச்சி மக்கள், 2009ஆம் ஆண்டுப் போரில் ஊரோடு பெயர்ந்தவர்கள். பலர் வவுனியா முகாம்களில் வாழ்ந்து மீண்டவர்கள். அவர்க்கு 7.0 என்ற எண்ணைப் பொருத்தினால், உதவி வேண்டியோர் பலர் கணக்கினின்று விடுபடலாம். 13.0 என்பதை என்றைக்கும் உரியதாகக் கொண்டால், வயலில் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவரும் நோயாளரென எண்ணப்படலாம். அன்றியும், சராசரி எதுவும் தனியொருவரின் உளநிலையைக் கூறாது.

அளவுகோலும் ஆராயத்தக்கது. அவ்வாய்வில் ஆண்ட ஹாவார்ட் வினாக்கொத்து முதலில் இந்தோசீன அகதிகளுக்கென ஆக்கப்பட்டது. நம்மவர் "ஒரே யோசனையாய்க் கிடக்கிறது" என்னும்போது அது சிந்தனையன்று, கவலையே. இதனை அறியாத வினா, விடையைத் தவறவிடும். மேலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், போரின் வடு தனியாளோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்கும் என விளக்கினார். தனியாளை மட்டும் அளக்கும் கோல் இதனைக் காட்டமாட்டாது.

ஆகவே, பிறநாட்டு முடிபுகள் நமக்கு ஆகா எனத் தள்ளிவிடலாமோ? அதுவும் ஆராயாது செய்யும் பொதுமை காணலே. பிள்ளையை இழந்த தாயின் துயர் எந்நாட்டிலும் துயரே. அத்துயர் வெளிப்படும் மொழியும் ஆறும் வழியுமே வேறுபடலாம். எனவே, பிறர் முடிபு நமக்கு விடையன்று, சோதித்தற்குரிய கருதுகோள்.

உளவியல் நூலை ஏந்தும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புவாராக: ஆராயப்பட்டோர் யாவர்? எக்காலத்து, எந்நிலையில் ஆராயப்பட்டனர்? எம்மொழியில், எக்கோல் கொண்டு அளக்கப்பட்டனர்? இவற்றுக்கு விடை கண்டபின், நம் பானையையும் திறந்து ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.