கணைக்காலும் ஊதுகுழலும்

முழந்தாளுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு என்புகள் உள. அவற்றுள் உட்புறமாய் அமைந்து உடற்பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது கணைக்கால் உள்ளென்பு. தொடையென்புக்கு அடுத்தபடியாக மனித உடலில் நீளமான என்பு இதுவே. மேனாட்டு மருத்துவர் இதனைத் 'திபியா' என்பர். மாணவர் பலர் இப்பெயரைப் பொருளறியாமலே மனனஞ் செய்கின்றனர். பொருளறிந்தாலோ மறக்கவொண்ணாத பெயர் இது.

திபியா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கணைக்கால் என்பு என்றும் ஊதுகுழல் என்றும் இருபொருள் உண்டு. நீண்ட என்பைத் துளையிட்டுக் குழலாக்கும் வழக்கம் மிகப் பழையது. தென் ஜெர்மனியின் குகைகளிற் கிடைத்த பறவையென்புக் குழல்கள் 35,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. உரோமரின் திபியாவோ சீவாளி பொருத்தி ஊதப்படுவது. ஆதலின் நம் புல்லாங்குழலினும் நாதசுரத்துக்கே நெருங்கிய உறவுடையது. பெரும்பாலும் இரண்டு குழல்களை ஒருங்கே வாயில் வைத்து ஊதுவர்.

வேள்வி, நாடகம், இழவு யாவற்றுக்கும் உரோமில் இக்குழல் வேண்டும். கி. மு. 311 இல், கோயிலில் விருந்துண்ணும் உரிமை மறுக்கப்பட்ட குழலூதுவோர் சினந்து, அயலூராகிய தீபூருக்குச் சென்றுவிட்டனர் என வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். வேள்விகள் இசையின்றி நின்றன. தீபூர் மக்கள் அவர்களுக்கு மதுவூட்டி, உறங்கியபோது வண்டிகளில் ஏற்றி உரோமுக்கு அனுப்பினர். விழித்தெழுந்தவர்களுக்கு இழந்த உரிமை மீண்டும் கிடைத்தது. மேளமின்றித் திருவிழா நடவாது என்பதை அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று.

அருகிலுள்ள மெல்லிய வெளியென்பின் பெயர் 'பிபுலா'. அதன் பொருள் ஆடையைப் பூட்டும் ஊக்கு. இரண்டு என்புகளையும் சேர்த்துப் பார்ப்பின் ஊக்கும் அதன் ஊசியும் போலவே தோன்றும். நம் முன்னோரோ 'கணைக்கால்' என்றனர். கணை என்பதற்கு அம்பு, திரட்சி என்னும் பொருள்கள் உண்டு. உரோமர் குழலைக் கண்ட இடத்தில் தமிழர் வேறொன்றைக் கண்டனர்.

இவ்வென்பின் முன்விளிம்பை விரலால் தடவிப் பார்க்கலாம். அங்கே தசையின் மூடல் இல்லை. தோலின் கீழே உடனே என்புதான். என்பைப் போர்த்த சவ்வில் நரம்புகள் மிகுதி. வாங்கின் விளிம்பில் இடித்துக்கொண்டால் உயிர் போவதுபோல் வலிப்பது இதனாலேயே. முறிந்த என்பின் முனை தோலைக் கிழித்து வெளிவருவதும் இங்கு எளிது. கீழ்ப்பகுதியில் இரத்தவோட்டம் குறைவாதலின் முறிவு பொருந்தவும் நாட்செல்லும்.

ஆகவே, பிள்ளைகள் பந்தாடும்போது கணைக்காற் காப்பு அணிதல் நன்று. முறிந்த இடத்திற் புண் தோன்றின் எண்ணெய் பூசுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. இறுகிய கட்டு இரத்தவோட்டத்தைத் தடுத்துக் காலையே இழக்கச் செய்யலாம். சுத்தமான துணியால் புண்ணை மூடி, காலை அசையாது தாங்கி, தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். பெயரின் பொருளை அறிதல் கல்விக்கு அழகு. பெயருக்குரிய உறுப்பைப் பேணுதல் வாழ்வுக்கு அழகு.