ஜகாத் கணக்குக்கு ஒரு கணினிப் படிவம்: பிள்ளைகளின் முதல் புரோகிராமிங் பாடம்



கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் எழுதிப் பழகுவது கூட்டல், கழித்தல் செய்யும் சின்னக் கால்குலேட்டர்தான். அதற்குப் பதிலாக, வீட்டுக்கே பயன்படும் ஜகாத் கணக்குப் படிவம் ஒன்றைச் செய்து பழகலாமே என்று சொல்கிறோம். இதில் தவறு நேர்ந்தால் போவது மதிப்பெண் மட்டுமல்ல. ஏழையின் ஹக்கு நம் வீட்டிலேயே தங்கிவிடும். ஆகவே பிள்ளைகள் செய்முறையைக் கற்க வேண்டும். பெற்றோர்கள் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1991இல் விஷுவல் பேசிக் என்ற மொழியை வெளியிட்டது. திரையில் ஒரு வெற்றுப் படிவத்தை வைத்து, அதன் மேல் பெட்டிகளையும் பொத்தான்களையும் மவுஸால் இழுத்துப் போட்டு புரோகிராம் செய்யும் முறை அதனால் பரவலானது. 2002இல் டாட் நெட் வந்தபோது அதே முறை விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. இன்றும் ஆரம்ப மாணவர்கள் சிலர் இதில் பழகுகிறார்கள். இதற்கான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு மாணவர்களுக்கு இலவசம்.

படிவத்தில் வைக்கும் பொருள்களுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் சில பண்புகள் உண்டு: பெயர், எழுத்து, அளவு, நிறம் போன்றவை. பயனர் அதைத் தொடும்போது நடக்கும் நிகழ்வுகளும் உண்டு: கிளிக் செய்வது, எழுத்தை மாற்றுவது போன்றவை. இந்த நிகழ்வு நடந்தால் இதைச் செய் என்று எழுதுவதே புரோகிராம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லேபிள்

பெட்டியின் பக்கத்தில் நிற்கும் பெயர்ப்பலகை இது. 'தங்கம்' என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. நம் பெண்கள் தங்கத்தைப் பவுனில்தான் சொல்வார்கள். 12 பவுன் உள்ள ஒருவர் பெட்டியில் 12 என்று போடுவார். புரோகிராமோ அதை 12 கிராம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பவுன் 8 கிராம் என்பதால் உண்மையில் அவரிடம் இருப்பது 96 கிராம். நிஸாபைத் தாண்டிய அவருக்கு 'ஜகாத் கடமையில்லை' என்று திரை சொல்லிவிடும். ஆகவே லேபிளில் 'தங்கம் (கிராமில்)' என்றோ 'தங்கம் (பவுனில்)' என்றோ தெளிவாக எழுத வேண்டும்.

டெக்ஸ்ட் பாக்ஸ்

பயனர் தட்டச்சு செய்யும் பெட்டி இது. இதில் போடுவது எண்ணாக இருந்தாலும் கணினி அதை எழுத்தாகவே வைத்திருக்கும். கணக்குப் போட வேண்டுமானால் எண்ணாக மாற்ற வேண்டும். பல மாணவர்கள் அதற்கு 'வால்' என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். அது இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, தனக்குப் புரியாத முதல் குறியில் நின்றுவிடும். ஒருவர் கையிருப்பை 1,50,000 என்று காற்புள்ளியோடு எழுதினால், முதல் காற்புள்ளியிலேயே நின்று அதை ஒரு ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று எச்சரிக்கவும் செய்யாது. ஒன்றரை லட்சத்துக்கான ஜகாத் 3,750 ரூபாய் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து போய்விடும்.

இதற்குப் பதிலாக 'டெசிமல் ட்ரைபார்ஸ்' என்ற கட்டளை உண்டு. அது காற்புள்ளியை ஏற்றுக்கொள்ளும். பெட்டி காலியாக இருந்தாலோ எண் அல்லாததை எழுதியிருந்தாலோ மாற்ற முடியவில்லை என்று சொல்லிவிடும். அப்போது 'தொகையைச் சரியாக எழுதவும்' என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் காட்டலாம்.

நியூமரிக் அப்-டவுன்

எண்ணை மட்டும் ஏற்கும் பெட்டி. பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். இது பாதுகாப்பானதுதான். ஆனால் புதிதாக இழுத்துப் போடும்போது இதன் உச்ச அளவு 100 என்றே இருக்கும். 1,50,000 என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனால் அது 100 ஆகிவிடும். தசம இடமும் பூஜ்யமாகவே இருக்கும். ஆகவே மாக்ஸிமம், டெசிமல் பிளேசஸ் என்ற இரண்டு பண்புகளையும் முதலில் மாற்ற வேண்டும்.

ரேடியோ பட்டன்

பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வட்டப் பொத்தான். நம் படிவத்தில் மத்ஹபைக் கேட்க இது பொருத்தம். பெண்கள் அணியும் தங்க நகைக்கும் ஜகாத் உண்டு என்பது ஹனஃபீ மத்ஹப். அளவு மீறாமல் அணிந்துகொள்ளும் ஆகுமான நகைக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹப். நம் தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம் என்பதால் இந்தக் கேள்வி இல்லாத படிவம் ஒரு சாராருக்குத் தவறான விடையே தரும்.

நிஸாபைத் தங்கத்தைக் கொண்டு பார்ப்பதா, வெள்ளியைக் கொண்டு பார்ப்பதா என்பது இரண்டாவது கேள்வி. இங்கே ஒரு நுணுக்கம். ஒரே படிவத்தில் நேரடியாக வைத்த ரேடியோ பட்டன்கள் எல்லாம் ஒரே கூட்டமாகிவிடும். 'வெள்ளி' என்பதைத் தொட்டவுடன் முன்பு தேர்ந்தெடுத்த 'ஹனஃபீ' அழிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனி குரூப் பாக்ஸில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

செக் பாக்ஸ்

ஆம், இல்லை என்று டிக் செய்யும் சதுரக் கட்டம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். 'வியாபாரச் சரக்கு உண்டு', 'பிறரிடமிருந்து வர வேண்டிய கடன் உண்டு' என்பவற்றுக்கு இது பொருந்தும். டிக் செய்தால் மட்டும் அதற்குரிய தொகைப் பெட்டி தெரியும்படி 'விசிபிள்' பண்பை மாற்றலாம். டிக்கை எடுத்துவிட்டால் பெட்டி மறையும். ஆனால் அதற்குள் எழுதிய தொகை அப்படியே இருக்கும். கணக்கில் அதைச் சேர்க்காமல் விடுவதையும் புரோகிராமில் எழுத வேண்டும்.

டேட் டைம் பிக்கர்

தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். நிஸாபை அடைந்த நாளைக் கேட்க இது வேண்டும். இது ஆங்கிலத் தேதியை மட்டுமே காட்டும். பயனர் தொடாவிட்டால் இன்றைய தேதியே நிற்கும். ஜகாத்தோ சந்திர ஆண்டைக் கொண்டது. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். புரோகிராமில் 365 நாட்கள் என்று எழுதினால் வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் தள்ளிப்போகும். 33 ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டின் ஜகாத் விடுபட்டுப்போகும். டாட் நெட்டிலேயே ஹிஜ்ரி காலண்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் முடிவான நாளை ஜமாஅத் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டன்

'கணக்கிடு' என்ற பொத்தானைக் கிளிக் செய்யும்போது மேலே சொன்னவை எல்லாம் ஒன்றுகூடும். மொத்தத்தைக் கூட்டி, நிஸாபோடு ஒப்பிட்டு, 40ஆல் வகுத்தால் இரண்டரை சதவீதம் வந்துவிடும். பணத்துக்கு 'டெசிமல்' என்ற எண் வகையையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டு பெட்டிகளை மட்டும் புரோகிராமுக்குள் பூட்டி வைக்காமல் பயனர் மாற்றும்படி விட வேண்டும். ஒன்று, அன்றைய தங்கம் வெள்ளி விலை. மற்றொன்று, நிஸாப் அளவு. தங்கம் 87.48 கிராம், வெள்ளி 612.36 கிராம் என்று கணக்கிடுவோர் உண்டு. 85 கிராம், 595 கிராம் என்போரும் உண்டு. உங்கள் ஹள்ரத் சொல்லும் அளவை எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கடனைக் கழிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். புரோகிராமுக்குக் கூட்டத் தெரியும். ஃபத்வா சொல்லத் தெரியாது.

சரிபார்க்கும் முறை

பிள்ளை படிவத்தை முடித்ததும் பெற்றோர்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகை 12 பவுன், அதாவது 96 கிராம். மதிப்பு 9,60,000 ரூபாய். கையிருப்பு 1,50,000. மொத்தம் 11,10,000. ஹனஃபீ முறைப்படி ஜகாத் 27,750 ரூபாய். திரையிலும் அதே தொகை வர வேண்டும். 24,000 என்று வந்தால் காற்புள்ளியில் கோளாறு. 'கடமையில்லை' என்று வந்தால் பவுனும் கிராமும் குழம்பியிருக்கிறது, அல்லது தேதியைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு பெட்டியைக் காலியாக விட்டும், எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டும் பாருங்கள்.

கைப்பேசியில் கிடைக்கும் ஜகாத் கால்குலேட்டர்களையும் இதே கணக்கைக் கொடுத்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அவற்றுக்குள்ளும் இதே பெட்டிகளும் பொத்தான்களும்தான் இருக்கின்றன. அவற்றையும் யாரோ ஒருவர்தான் எழுதியிருக்கிறார்.

ரமலானுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் ஜகாத்தை உரியவர்களுக்குக் குறைவின்றிச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்